புகுந்த நாட்டுக்காக ஆடியவர்: நாடியா நதீம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் கால்பந்து பற்றிப் பேசும்போது நாடியா நதீமின் பெயர் வந்தால் போதும், சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். ஆப்கானிஸ்தானில் பிறந்தவர் எப்படி டென்மார்க்குக்கு ஆடினார்? சொந்த நாட்டுக்கு ஏன் ஆடவில்லை? டாக்டர் என்கிறார்களே, நிஜமா? பல வருடமாக இவரைக் கவனித்து வருகிறேன். எனக்குத் தெரிந்த வரையில் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

நாடியா நதீம் யார்?

1988 ஜனவரி 2 அன்று ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்தவர். டென்மார்க் பெண்கள் தேசிய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய முன்கள வீராங்கனை. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட நாடுகளின் முதல் நிலை லீக்குகளிலும் ஆடியிருக்கிறார். இதற்கு நடுவே மருத்துவமும் படித்து முடித்தார்.

டென்மார்க்குக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

அப்பா ஆப்கான் ராணுவத்தில் ஜெனரல். 2000-ல் தாலிபான்கள் கூப்பிட்டார்கள் என்று போனவர் வீடு திரும்பவில்லை. அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்ற செய்தி குடும்பத்துக்கு வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது.

அம்மா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். தாலிபான் ஆட்சியில் பெண் வேலைக்குப் போக முடியாது, பெண் குழந்தை பள்ளிக்கூடம் போக முடியாது, ஆண் துணை இல்லாமல் தெருவில் நடக்கவும் முடியாது. வீட்டிலோ ஐந்தும் பெண் பிள்ளைகள். துணைக்கு வர ஓர் ஆண்கூட மிச்சமில்லை. இனி இங்கே இருக்க வழியில்லை என்று அந்த அம்மா முடிவெடுத்தார். இருந்ததை விற்று, ஆட்களைக் கடத்தி அனுப்புபவர்களிடம் பணம் கொடுத்து, ஐந்து மகள்களோடு கிளம்பினார். முதலில் பாகிஸ்தானின் கராச்சி. அங்கிருந்து போலி பாஸ்போர்ட்டில் விமானமேறி இத்தாலி. அப்புறம் ஒரு லாரி.

லண்டனில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், லாரி அங்கேதான் போகிறது என்று நம்பி ஏறியிருந்தார்கள். இறங்கியபோது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மரங்கள். பிக் பென் கடிகாரக் கோபுரத்தை எதிர்பார்த்து இறங்கியதாக நாடியா பின்னால் சொல்லியிருக்கிறார். இது எந்த ஊர் என்று விசாரித்தபோதுதான் டென்மார்க் என்று தெரிந்தது. ஊரின் பெயர் ராண்டர்ஸ். அவருக்கு அப்போது வயது பன்னிரண்டு.

"நாடு மாறி ஆடியவர்" என்று இவரைச் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே உறுத்துகிறது. பெரிய அணி, நல்ல சம்பளம் என்று பார்த்து நாடு மாறுபவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் இந்தச் சிறுமி டென்மார்க்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. லாரிக்காரன் இறக்கிவிட்ட இடம் அது.

கால்பந்தை எங்கே கற்றுக்கொண்டார்?

வீட்டில் அப்பா ஒரு பந்து வாங்கி வந்ததுண்டு. சுவருக்குள் தோட்டத்தில் அக்கா தங்கைகள் அதை உதைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் அணி, ஜெர்சி போட்டு, மைதானத்தில், வெட்டவெளியில் ஆடும் என்பதை முதன்முதலில் அவர் பார்த்தது டென்மார்க்கின் வடக்கே ஆல்போர்க் நகருக்குப் பக்கத்தில் இருந்த அகதி முகாமில்தான். முகாமை ஒட்டி ஒரு கிளப்பின் மைதானம். அங்கே உள்ளூர்ப் பெண் பிள்ளைகள் பயிற்சி செய்வார்கள். புகலிட மனு என்ன ஆகும் என்று பெரியவர்கள் கவலையோடு காத்துக்கிடந்த மாதங்களில் நாடியா அங்கே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போய், நானும் ஆடலாமா என்று கேட்டார். வா என்றார் அவர்.

முதலில் குக் என்ற சின்ன உள்ளூர் கிளப், பிறகு பி52 ஆல்போர்க், வீபோர்க், அதன் பின் ஓர்ஹூஸ் நகரத்தின் ஸ்கோவ்பாக்கன் என்று படிப்படியாக மேலே வந்தார்.

டென்மார்க்கிலேயே வளர்ந்தவரை ஏன் தேசிய அணியில் ஆட விடவில்லை?

பலருக்குத் தெரியாத பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2004-ல் கத்தார், ஜெர்மனி லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அய்ல்டன் போன்ற பிரேசில் வீரர்களுக்குக் குடியுரிமை கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. அவர்களுக்கும் கத்தாருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பதறிப்போய்க் குறுக்கே வந்தது. புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டுக்கு ஆட வேண்டுமானால், அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அவர் அங்கே இரண்டு வருடம் வசித்திருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2008-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வருடம் ஐந்து வருடமானது. அந்த ஐந்து வருடமும் 18 வயதுக்குப் பிறகு கழிந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள்.

காசு கொடுத்து வீரர்களை வாங்கும் நாடுகளைத் தடுக்கப் போட்ட வேலி அது. அதில் மாட்டிக்கொண்டவர் ஓர் அகதிப் பெண். நாடியா டென்மார்க்கில் பள்ளிக்குப் போனார், டேனிஷ் பேசினார், டேனிஷ் கிளப்புகளில் ஆடி வளர்ந்தார். விதியோ 12 வயதிலிருந்து 18 வரை அவர் அங்கே வாழ்ந்த ஆறு வருடத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2006 ஜனவரியில்தான் அவருக்கு 18 முடிந்தது. விதிப்படி பார்த்தால் 2011 வரை காத்திருக்க வேண்டும்.

டென்மார்க் கால்பந்து சங்கம் விடவில்லை, ஃபிஃபாவிடம் முறையிட்டது. ஃபிஃபாவின் சட்டப் பிரிவு அவருக்கு விதிவிலக்கு கொடுத்தது. பிறப்பால் டேனிஷ் அல்லாமல், பின்னால் குடியுரிமை பெற்று டென்மார்க்கின் சீனியர் தேசிய அணிக்கு ஆடிய முதல் நபர் இவர்தான் என்கிறார்கள். ஆண்கள் அணியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

2020-ல் ஃபிஃபா இந்த விதியைத் திருத்தியது. 10 வயதுக்கு முன்பே வந்த பிள்ளைக்கு மூன்று வருட வாசம் போதும், 10-க்கும் 18-க்கும் இடையில் வந்தவருக்கு ஐந்து வருடம். சிறுவயதில் வாழ்ந்த காலமும் இப்போது கணக்கில் சேரும். அன்றைக்கே இந்த விதி இருந்திருந்தால், நாடியா 17 வயதிலேயே வசிக்க வேண்டிய கால நிபந்தனையை நிறைவு செய்திருப்பார். சரியான திருத்தம், ஆனால் மிகவும் தாமதமாக வந்தது.

முதல் ஆட்டம் எப்போது?

2009-ல், போர்ச்சுகலில் நடக்கும் அல்கார்வே கோப்பையில். எதிரணி அமெரிக்கா. 0-2 என்று டென்மார்க் தோற்றது.

ஆப்கானிஸ்தானுக்கே ஆடியிருக்கலாமே?

அவர் நாட்டை விட்டு வெளியேறியபோது அப்படி ஓர் அணியே கிடையாது. ஆப்கானிஸ்தான் பெண்கள் தேசிய அணி உருவானது 2007-ல். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரும் முதல் தலைவியுமான காலிதா போபால், மிரட்டல் தாங்காமல் 2011-ல் நாட்டை விட்டு ஓடினார். கடைசியில் அவருக்கும் புகலிடம் கொடுத்தது டென்மார்க்தான். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மறுபடி காபூலைப் பிடித்ததும் அணியின் பெண்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்கு மீட்டுச் செல்லப்பட்டார்கள். ஆக, நாடியா ஆடிய காலத்தில் பெரும்பகுதி அந்த அணி இல்லை, அல்லது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது.

"பிறந்த மண்ணை மறந்துவிட்டார்" என்று எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் பேச்சில் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டும் உண்டு. புகுந்த வீட்டில் பொறுப்பாக இருப்பவளைப் பார்த்து, பிறந்த வீட்டை மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்வதில்லை. அதிலும் இவரைப் பிறந்த வீடே துரத்தியடித்தது.

2017 யூரோ கோப்பையில் என்ன நடந்தது?

என்னைக் கேட்டால், அவர் கால்பந்து வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

போட்டி நடந்தது நெதர்லாந்தில். காலிறுதியில் டென்மார்க்குக்கு எதிரே ஜெர்மனி. 1995 முதல் 2013 வரை தொடர்ந்து ஆறு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. பெண்கள் யூரோ என்றாலே கோப்பை ஜெர்மனிக்கு என்று எழுதிவைத்த மாதிரி இருந்த காலம். ஜூலை 29 மாலை ராட்டர்டாமில் ஆட்டம். மழை கொட்டித் தீர்த்தது, மைதானத்தில் தண்ணீர் நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை மறுநாள் பகலுக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் மூன்றாவது நிமிடத்திலேயே டேனிஷ் கோல்கீப்பரின் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே போனது. ஜெர்மனி 1-0. பார்த்தவர்கள் பாதிப் பேர் அதோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். இடைவேளை முடிந்து வந்து, 49-ஆவது நிமிடத்தில் நாடியா தலையால் முட்டிச் சமன் செய்தார். 83-ஆவது நிமிடத்தில் தெரேசா நீல்சன் இன்னொன்று. இருபது வருடத்துக்கு மேல் நீண்ட ஆதிக்கம் அந்தப் பகல்பொழுதில் முடிந்தது.

அரையிறுதியில் ஆஸ்திரியாவோடு கோலில்லாமல் இழுத்து, பெனால்டியில் வென்றார்கள். ஆகஸ்ட் 6, என்ஸ்கெடே நகரில் இறுதி ஆட்டம். எதிரணி போட்டியை நடத்தும் நெதர்லாந்து, அரங்கத்தில் 28,000 பேர், பெரும்பாலும் ஆரஞ்சு உடையில். ஆறாவது நிமிடத்தில் டென்மார்க்குக்குப் பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் நாடியா. சொந்த ஊர் அணிக்காக ஆர்ப்பரிக்கும் கூட்டம், எதிரே ஃபான் வேனண்டால் என்ற தேர்ந்த கோல்கீப்பர், டென்மார்க் பெண்கள் முதன்முதலாக எட்டியிருக்கும் யூரோ இறுதி. ஓடி வந்து அடித்தார், பந்து வலைக்குள். அந்த இறுதியாட்டத்தில் டென்மார்க்கின் முதல் கோல், பதினேழு வருடம் முன்பு லாரியிலிருந்து இறங்கிய பெண்ணின் காலிலிருந்து வந்தது.

அந்த முன்னிலை நான்கு நிமிடம்தான் நின்றது. நெதர்லாந்தின் மியெடமா சமன் செய்தார், மார்டென்ஸ் முந்திக் கொடுத்தார். டேனிஷ் தலைவி பெர்னிலே ஹார்டர் ஒற்றையாளாகக் கொண்டுபோய் 2-2 ஆக்கினார். கடைசியில் 4-2 என்று நெதர்லாந்து கோப்பையைத் தூக்கியது. தோற்றாலும் டென்மார்க் பெண்கள் அணியை அவர்கள் நாட்டு மக்கள் முழுக்கவும் திரும்பிப் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறாரா?

2023-ல் டென்மார்க் அணியில் இடம்பெற்றார். வயது 35. அதுவரை வாய்ப்பே வரவில்லை, ஏனென்றால் 2007-க்குப் பிறகு டென்மார்க் தகுதி பெறவே இல்லை.

2019-ஐ நழுவவிட்டதன் பின்னால் ஒரு சம்பளப் போராட்டம் இருக்கிறது. யூரோ இறுதிக்குப் போன கையோடு வீராங்கனைகள் சங்கத்திடம் ஊதிய ஒப்பந்தம் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. 2017 அக்டோபரில் ஸ்வீடனோடு நடக்கவேண்டிய தகுதிச்சுற்று ஆட்டமே ரத்தானது, 3-0 என்று ஸ்வீடனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் பிளே-ஆஃபில் மறுபடி நெதர்லாந்திடம் தோற்று வெளியேறினார்கள். உரிமைக்காக ஒரு உலகக் கோப்பையைப் பணயம் வைத்த அணி அது. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடத்தான் செய்தது.

எந்தெந்த கிளப்புகளுக்கு ஆடினார்?

டென்மார்க்கில் ஃபோர்துனா ஹ்யோரிங்கோடு லீக் பட்டம். பிறகு அமெரிக்காவில் ஸ்கை புளூ, அதன் பின் போர்ட்லேண்ட் தார்ன்ஸ். போர்ட்லேண்டில் பெண்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல் வருவார்கள், அப்படிப்பட்ட ஊர். 2017-ல் அங்கே சாம்பியன்ஷிப்பை வென்றார். 2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி. அங்கே காலம் நீளவில்லை. 2019-ல் பாரிஸ் சென் ஜெர்மன். 2020-21 சீசனில் பாரிஸ் அணி பிரெஞ்சு லீக்கை வென்றபோது, லியோன் அணி தொடர்ந்து 14 முறை வைத்திருந்த பட்டம் கைமாறியது. ஜெர்மனியை வீழ்த்தியபோதும் அங்கே இருந்தார், லியோனை வீழ்த்தியபோதும் அங்கே இருந்தார். அப்புறம் அமெரிக்காவின் ரேசிங் லூயிவில், 2024-ல் இத்தாலியின் ஏசி மிலான்.

லூயிவில்லில் இருந்தபோது 2021-ல் முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த வருட யூரோவுக்குத் திரும்பி வந்தார். அதே ஆண்டு மறுபடி அறுந்தது. முப்பத்து நான்கு வயதில் இரண்டாவது தடவை என்றால் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பார்கள். இவர் அதன் பிறகுதான் உலகக் கோப்பைக்கும் மிலானுக்கும் போனார்.

நிஜமாகவே டாக்டரா?

ஆமாம். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2022 ஜனவரியில் முடித்தார். சீசன் நடக்கும்போது வெளிநாட்டில் ஆட்டம், இடைவெளி கிடைக்கும்போது டென்மார்க்கில் படிப்பு என்று வருடக்கணக்கில் இழுத்து முடித்த பட்டம். சீரமைப்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஆவதுதான் அவர் ஆசை. பெண் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட ஆட்சியிலிருந்து தப்பி வந்த தலைமையாசிரியையின் மகள் அவர். படிப்பைப் பாதியில் விடாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஹிந்தி பேசுவாரா?

பேசுவார். தாரி, டேனிஷ், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, உருது, ஹிந்தி என்று மொழிகள் நீளும்.

அப்படியானால் டென்மார்க் அகதிகளை அரவணைக்கும் நாடு என்று சொல்லலாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் தமிழர்களுக்கே நேரடியான கதை ஒன்று உண்டு.

எண்பதுகளில் இலங்கைப் போரிலிருந்து தப்பி டென்மார்க் போன தமிழ் அகதிகளுக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை இருந்தது. நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987-ல் அந்த மனுக்களை ஓரமாக வைக்கச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, கோப்புகளை நகராமல் வைத்தார். குடும்பங்கள் போர் நடக்கும் ஊரில் காத்துக் கிடந்தன. விஷயம் வெளியே வந்து, விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். நின்-ஹான்சனை 1995-ல் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளி என்றது. டென்மார்க் அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயரே "தமிழர் வழக்கு".

அகதிகள் கொண்டுவரும் நகை, பணத்தில் 10,000 குரோனுக்கு மேற்பட்டதைப் பறிமுதல் செய்யலாம் என்று 2016-ல் சட்டம் போட்டதும் இதே நாடுதான். அதன் அடுத்த வருடம்தான் நாடு முழுக்க நாடியாவின் கோலுக்குக் கைதட்டியது. அந்த அம்மாவும் ஐந்து மகள்களும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள், மனு ஏற்கப்பட்டது. அவர்களுக்குக் கதவு திறந்தது. எல்லாருக்கும் திறக்கவில்லை.

கத்தார் விஷயத்தில் அவர்மேல் ஏன் விமர்சனம்?

2022 ஆண்கள் உலகக் கோப்பைக்கு கத்தாரின் தூதராக இருக்க ஒப்புக்கொண்டார். மைதானங்களைக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லி டென்மார்க்கில் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வேறு நாட்டில் பிழைக்கப் போனவர்களின் வலி என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவரை நேசிப்பவர்களுக்குத்தான் அந்த முடிவு அதிகம் வலித்தது.

அவர் அம்மா இப்போது எங்கே?

இல்லை, காலமாகிவிட்டார். 2022 நவம்பர் 22. டென்மார்க்–துனிசியா ஆட்டம். நாடியா கத்தாரில் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து போனார். டென்மார்க்கில் அம்மா மேல் லாரி மோதிவிட்டது என்று செய்தி வந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடந்த விபத்து. வயது 57.

ஐந்து பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாமல் கிளம்பியவர் அவர்.

அகதி முகாமிலிருந்து வந்து தேசிய அணிக்கு ஆடிய வேறு யாரும் உண்டா?

உண்டு. கனடாவின் அல்போன்சோ டேவிஸ் கானாவில் புதுபுராம் அகதி முகாமில், லைபீரியப் போரிலிருந்து தப்பிய பெற்றோருக்குப் பிறந்தவர். 2017 ஜூனில் கனடா குடியுரிமை கிடைத்தது, ஒரு வாரத்துக்குள் தேசிய அணியில் ஆடினார். 2022-ல் கனடா ஆண்கள் அணியின் முதல் உலகக் கோப்பை கோல் அவருடையது. ஆஸ்திரேலியாவின் ஆவர் மாபில், கென்யாவின் ககுமா முகாமில் பிறந்தவர்.

இன்று ஓர் ஆப்கான் பெண் எந்த அணிக்கு ஆட முடியும்?

ஆப்கானிஸ்தானுக்குள் இருந்தால் எதற்கும் முடியாது. பெண்கள் விளையாட்டே அங்கே தடை. வெளியே சிதறிக் கிடப்பவர்களைச் சேர்த்து ஓர் அகதி அணி அமைக்க 2025-ல் ஃபிஃபா ஒப்புதல் கொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் அவர்கள் மொரோக்கோவில் சர்வதேச ஆட்டங்கள் ஆடினார்கள். காலிதா போபாலும் மற்றவர்களும் வருடக்கணக்கில் தட்டிய கதவு அது. ஆப்கானிஸ்தான் பெண்கள் தேசிய அணி என்ற பெயரில் ஆடும் உரிமைக்காக அப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.